நீல் தர்ப்பணம்: கண்ணாடியும் எள்ளுநீரும்

(‘என்னைக் கலங்கவைத்த நாடகம்’ என்னும் வரிசையில், நம் வட்டத்தின் திங்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த வரிசையில் எனக்கு முன் பேசியவர்கள் எல்லாரும் தாம் பார்த்த நாடகங்களைப் பற்றிப் பேசினார்கள். நான் பேச எடுத்துக்கொண்டிருப்பதோ பார்க்காத நாடகம். படித்தது மட்டுமே. அதுவும் அதன் மூலமொழியான வங்காளத்தில் அன்று, ஆங்கிலப் பெயர்ப்பில். ‘நாடகத்தைப் படித்துவிட்டு யாராவது அழுவார்களா?’ என்று நம் மூத்த உறுப்பினர் ஒருவர் சென்ற கூட்டம் முடிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருக்கையில் கேட்டார். அன்றைக்கு நான் விடை சொல்லவில்லை. இன்று சொல்ல முயல்கிறேன். அந்த விடை எனக்குப் பெருமை தருவதாக இராது என்பதை முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறேன்.

நாடகத்தின் பெயர் ‘நீல் தர்ப்பண்’. தீனபந்து மித்ரர் எழுதி 1860ஆம் ஆண்டு டாக்காவில் அச்சாகி வெளிவந்தது. ஆசிரியர் பெயர் நூலில் இல்லை. யாரோ ஒரு வழிப்போக்கன் எழுதியதாக மட்டும் குறிப்பு இருந்தது. வழிப்போக்கன் என்றது முற்றிலும் பொய்யுமன்று. தீனபந்து அஞ்சல் துறையில் மேலதிகாரியாக இருந்தவர். ஊர் ஊராகச் சுற்றுவதே அவர் உத்தியோகம். கிராமத்து நீலச் சாகுபடியின் கொடுமையை அவர் கண்ணால் கண்டது அரசாங்கச் செலவில் என்று சொல்லலாம்.

தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. வங்காளத்தில் ‘தர்ப்பண்’ என்றால் கண்ணாடி. நீலத்தின் கண்ணாடி, அதாவது அவுரிச் சாகுபடியின் முகத்தைக் காட்டும் கண்ணாடி என்பது பொருள். வடமொழியில் கண்ணாடிக்கும் நீத்தாருக்கு இறைக்கும் எள்ளுநீருக்கும் எழுத்து வேறு, ஒலி வேறு. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றே: தர்ப்பணம். நூலகத்து அட்டையில் யாரோ தமிழில் எழுதி வைத்திருந்த ‘நீல் தர்ப்பணம்’ என்ற பெயரைப் பார்த்தபோது நான் அதை எள்ளுநீர் என்றே எடுத்துக்கொண்டேன். அது பிழை. ஆனாலும் அந்தப் பிழை என்னை விட்டுப் போகவில்லை. ஏன் என்பது பின்னால் விளங்கும்.

நாடகத்தின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துணிக்குச் சாயமேற்றும் நீலம் அவுரிச் செடியிலிருந்து எடுக்கப்படுவது. நம் தென்னார்க்காட்டிலும் விளைந்த செடிதான். வங்காளத்தில் ஐரோப்பியத் துரைமார்கள் அங்கங்கே நீலக் கோட்டைகள் போன்ற தொழிற்கூடங்களை நிறுவி, சுற்றியுள்ள குடியானவர்களுக்குப் பிகா ஒன்றுக்கு இரண்டு ரூபாய் முன்பணம் கொடுத்து, அவரவர் நிலத்தில் அவுரி விதைக்கச் செய்தார்கள். கொடுத்தார்கள் என்பதைவிடத் திணித்தார்கள் என்பதே சரி. எந்த நிலத்தில் விதைப்பது என்பதைத் துரையின் ஆள் அடையாளம் போடுவான். அது பெரும்பாலும் நெல் நன்றாக விளையும் நிலமாகவே இருக்கும். விளைந்த செடியை வெட்டிக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தால், கட்டை அளக்கும் சங்கிலியை இறுக்கி இழுத்து மூன்றை இரண்டாக்குவார்கள். முன்பணம் ஒருநாளும் தீராது. தகப்பன் வாங்கிய இரண்டு ரூபாய் மகன் தலையில் இறங்கும். மறுத்தவன் தொழிற்கூடத்துக் கிடங்கில் அடைபடுவான், அவன் மாடு ஓட்டிச் செல்லப்படும், வீடு எரியும். அடிக்கிற தோல்வாருக்கு ‘சியாம்சாந்த்’ என்று கண்ணனின் பெயரை வைத்திருந்தார்கள் என்றால், அந்தக் கொடுமை எவ்வளவு அன்றாட விஷயமாகிவிட்டிருந்தது என்று பாருங்கள்.

1859இல் குடியானவர்கள் விதைக்க மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். நதியா, ஜெசோர், பாப்னா என்று ஜில்லா ஜில்லாவாக அந்த மறுப்பு பரவியது. 1860இல் வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னர் கிராண்ட் துரை ஆற்று வழியே படகில் பயணம் போனபோது, அறுபது எழுபது மைல் தூரத்துக்கு இரு கரைகளிலும் ஆண்களும் பெண்களும் நின்று நியாயம் கேட்டார்கள். இது கவிஞன் கற்பனை அன்று; கவர்னரே தம் குறிப்பில் எழுதிவைத்த செய்தி. அந்த ஆண்டே விசாரணைக் குழு அமைந்தது. இங்கிலாந்து போய்ச் சேரும் நீலப் பெட்டி எதுவும் மனித இரத்தக் கறை படாமல் போவதில்லை என்ற பொருளில் அந்தக் குழுவின் முன் சாட்சி சொன்னவர் ஓர் ஆங்கில மாஜிஸ்திரேட். ஆகவே தீனபந்து எழுதியது நடந்துமுடிந்த பழங்கதையை அன்று. எரிந்துகொண்டிருந்த வீட்டைப் பற்றியே எழுதினார்.

இனிக் கதை. சுவர்ப்பூர் என்னும் கிராமம். கோலோக் சந்திர பாசு வசதியுள்ள குடியானவர். அவருக்கு மனைவி சாவித்திரி, மகன்கள் நவீன் மாதவன், விந்து மாதவன், இரண்டு மருமகள்கள். பக்கத்தில் சாது சரண் என்னும் உழவனின் குடும்பம். அவன் மகள் க்ஷேத்ரமணி கருவுற்றிருப்பவள். எதிரே உட், ரோக் என்னும் இரண்டு துரைகள். ஐந்தாம் அங்கம் முடிவதற்குள் கோலோக் பாசு பொய்வழக்கில் சிறைப்பட்டு அங்கேயே தூக்கிட்டுக்கொள்கிறார். க்ஷேத்ரமணி தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் தூக்கிச் செல்லப்பட்டு, வயிற்றில் பட்ட அடியால் கரு சிதைந்து இறக்கிறாள். நவீன் மாதவன் மண்டையில் அடிபட்டு மடிகிறான். சாவித்திரி பித்துப் பிடித்துத் தன் இளைய மருமகளைக் கொன்று, தெளிவு வந்த கணத்தில் தானும் சாகிறாள்.

நண்பர்களே, இத்தனை சாவிலும் எனக்குக் கண்ணீர் வரவில்லை.

இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் உண்மை. மூன்றாவது சாவுக்குப் பிறகு நான் எண்ணத் தொடங்கிவிட்டேன். பிணங்களின் மேல் பிணமாக அடுக்குகிற அந்தக் கடைசி அங்கம், கலை என்ற வகையில், தேறாது என்பது என் கருத்து. மேட்டுக்குடிப் பாத்திரங்கள் துக்கத்தில் பேசும் பேச்சு, ஆங்கிலத்தில் படிக்கையிலேயே, பாடம் ஒப்பிப்பது போல இருக்கிறது. மூலத்திலும் அவர்கள் வடமொழி மிகுந்த செந்நடையில்தான் அழுகிறார்கள் என்று வங்காளம் அறிந்தவர்கள் சொல்கிறார்கள். உழைக்கும் மக்கள் பேசும்போதோ நாடகம் சட்டென்று உயிர் பெறுகிறது. ஆதுரி என்ற வேலைக்காரி துரைமார் மேல் வெங்காய நாற்றம் அடிப்பதாக முகத்தைச் சுளிக்கிறாளே, அந்த ஓர் இடம் பத்துப் புலம்பல்களுக்குச் சமம். தோராப் என்ற முஸ்லிம் குடியானவன் இருக்கிறான். நவீன் மாதவனோடு சேர்ந்து சன்னலை உடைத்துக்கொண்டு புகுந்து க்ஷேத்ரமணியை மீட்பவன் அவன். பிற்பாடு, நவீன் அடிபட்டு விழுந்தபோது, உட் துரையின் மூக்கைக் கடித்து எடுத்துவிடுகிறான். எடுத்த மூக்கைத் தன் எசமானுக்குக் காட்டவேண்டும் என்று பத்திரமாக வைத்திருக்கிறான்! அந்த இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். வீட்டில் என்னவோ ஏதோ என்று எட்டிப்பார்த்தார்கள்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் நெஞ்சு சற்றே அடைத்தது. தந்தையின் சிராத்தம் முடியும்வரையாவது குளக்கரை நிலத்தில் அவுரி விதைப்பதை நிறுத்திவைக்க வேண்டும் என்று நவீன் துரையிடம் மன்றாடுகிறான். நிலத்தைக் கேட்கவில்லை, நீதியைக் கேட்கவில்லை. செத்தவருக்கு நீர் இறைத்து முடிக்கச் சில நாள் தவணை கேட்கிறான். துரையோ தூக்கில் தொங்கிய தகப்பனைச் சொல்லி இழிவாகப் பேசுகிறான். நவீன் காலால் உதைக்கிறான். அதன் விலைதான் அவன் மண்டை. என் பிழையான ‘தர்ப்பணம்’ நாடகத்துக்குள் இவ்விதம் நுழைந்துவிட்டது. இருந்தும் கண்ணீர் இல்லை.

வந்தது வேறோர் இடத்தில். அதைச் சொல்வதற்கு முன், இந்த நாடகத்தைப் படித்தவர்களுக்கும் பார்த்தவர்களுக்கும் அன்று என்ன நேர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஏனெனில் நாடகம் பார்த்து எழும் உணர்ச்சிக்கு விலை போட்ட வரலாறு அது.

ஜேம்ஸ் லாங் என்ற பாதிரியார் இதன் ஆங்கிலப் பெயர்ப்பை 1861இல் அச்சிட ஏற்பாடு செய்தார். பெயர்த்தவர் மைக்கேல் மதுசூதன் தத்தர் என்பது நெடுநாளைய நம்பிக்கை. அது பற்றி வாதம் உண்டு. அச்சானவை 500 படிகள். வங்காள அரசின் செயலராக இருந்த சீட்டன்கார், அவற்றுள் பலவற்றை அரசாங்க முத்திரையோடு அஞ்சலில் அனுப்பச் செய்தார். துரைமார்கள் கொதித்தெழுந்தார்கள். அவதூறு வழக்குத் தொடுத்தார்கள். வழக்குக்குப் பிடியாக அவர்கள் எடுத்துக்கொண்டவற்றுள் ஒன்று நாடகத்தின் முன்னுரை. துரைமாரைப் புகழ்ந்து எழுதும் இரண்டு ஆங்கில நாளிதழ்கள் ஆயிரம் ரூபாய் ஆசைக்கு ஏழைகளைக் காட்டிக்கொடுக்கின்றன என்று தீனபந்து அதில் யூதாசின் கதையை எடுத்துக்காட்டிக் குத்தியிருந்தார். 1861 ஜூலையில் கல்கத்தா உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி மார்டன்ட் வெல்ஸ் தீர்ப்புச் சொன்னார்: லாங் பாதிரியாருக்கு ஒரு மாதச் சிறை, ஆயிரம் ரூபாய் அபராதம். மகாபாரதத்தை வங்காளத்தில் கொண்டுவந்த காளிபிரசன்ன சிங்கர் அந்த ஆயிரத்தை அங்கேயே கட்டினார். பாதிரியார் சிறைக்குப் போனார்.

அந்த ஆயிரம் என்ற எண் எனக்கு இன்னொன்றை நினைவூட்டியது. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு செய்தி சொல்கிறார். கி.மு. 494இல் மிலேட்டஸ் நகரைப் பாரசீகர் அழித்தார்கள். அந்நகரம் ஏதென்ஸ்காரர்களுக்கு உறவு முறை. ஃபிரினிக்கஸ் என்ற நாடக ஆசிரியர் அந்த அழிவையே நாடகமாக்கி ஏதென்ஸில் மேடையேற்றினார். அரங்கமே அழுதது. அழுத அதே மக்கள் அவருக்கு ஆயிரம் திரக்மா அபராதம் விதித்தார்கள். நாடகத்தை இனி யாரும் நடத்தக் கூடாது என்றும் தடை போட்டார்கள். சொந்தத் துன்பத்தை நினைவூட்டினார் என்பதே குற்றம்.

ஏதென்ஸில் அபராதம் போட்டவர்கள் இழந்தவர்களின் உறவினர்கள். கல்கத்தாவில் போடவைத்தவர்கள் இழப்பை உண்டாக்கியவர்கள். இரண்டு ஆயிரங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கையில், உண்மையில் நடந்த கொடுமையைச் சொல்லும் நாடகத்துக்கு இந்த இரண்டு வகைப் பார்வையாளர்கள்தாம் என்று நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். என்னை எந்தப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன் என்று கேட்கவேண்டாம். ஏழையின் பக்கம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. தமிழ்நாட்டில் படிக்கிற வழக்கமுள்ள எவரும் அப்படித்தான் தம்மை வைத்துக்கொள்வோம்.

மேடையேறிய பின் நடந்தவையும் சுவையானவை. 1872 டிசம்பர் 7ஆம் நாள் கல்கத்தாவின் நேஷனல் தியேட்டர் இந்த நாடகத்தோடுதான் தொடங்கியது. கட்டணம் கொடுத்தவர் எவரும் உள்ளே வரலாம் என்ற பொது அரங்கு வங்காளத்தில் அதிலிருந்தே கணக்கிடப்படுகிறது. துரை வேடம் கட்டிய அர்த்தேந்து சேகர் முஸ்தபியின் மேல் வித்தியாசாகரர் ஆத்திரம் தாங்காமல் செருப்பை வீசினார், அதை அவர் தமக்குக் கிடைத்த விருதாகத் தலையில் வைத்துக்கொண்டார் என்பது செவிவழிக் கதை. நடந்ததோ இல்லையோ, சொல்லத் தக்க கதை. ஆனால் என்னை அதைவிட யோசிக்கவைத்தது வேறொரு செய்தி. அந்த முஸ்தபி இதே நாடகத்தில் துரையாகவும் நடித்தார், கோலோக் பாசுவாகவும் நடித்தார், சாவித்திரியாகவும் நடித்தார், ஒரு குடியானவனாகவும் நடித்தார். அடித்தவனும் அடிபட்டவர்களும் ஒரே உடம்பு!

1875இல் லக்னோவில் ஆடியபோது, தோராப் துரையைக் கீழே தள்ளி அடிக்கும் காட்சியில் வெள்ளைக்காரப் பார்வையாளர்கள் மேடைமேல் பாய்ந்துவிட்டார்கள். அன்று சரளதாவாக நடித்த விநோதினி அந்தக் கலவரத்தைத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். மறு ஆண்டே நாடக நிகழ்த்துச் சட்டம் வந்தது. அதற்கு உடனடிக் காரணமாக இருந்தவை வேறு நாடகங்கள் என்றாலும், ‘நீல் தர்ப்பண்’ மூட்டிய புகையும் அதில் கலந்திருந்தது. 1876ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் ஏட்டிலிருந்து நீங்க 2017இல் ஒரு நீக்கச் சட்டம் வர வேண்டியிருந்தது. நம் பங்குக்கு நாமும் 1954இல் ஒரு நாடகச் சட்டம் செய்தோம். அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாதவை என்று சென்னை உயர்நீதிமன்றம் 2013இல் சொல்லும்வரை நாடகக்காரர்கள் காவல் நிலையத்தில் பிரதியைக் கொடுத்துக் காத்திருந்தார்கள். இது இங்கே கிளைக்கதை, நிறுத்திக்கொள்கிறேன்.

இப்போது என் கண்ணீருக்கு வருகிறேன்.

நாடகத்தில் கோபிநாத் என்று ஒருவன் வருகிறான். நீலக் கூடத்தின் திவான். நம் ஊர் வழக்கில் காரியஸ்தர். கணக்கு அவன் கையில். எந்த நிலத்துக்கு அடையாளம் போடுவது, யார் பேரில் பொய்வழக்குப் போடுவது, யாரைக் கிடங்கில் அடைப்பது என்றெல்லாம் துரைக்கு யோசனை சொல்பவன். முதல் அங்கத்தில் கூடத்துத் தாழ்வாரத்தில் துரை அவனை வைகிறான்: நீ போதுமான கடுமை காட்டவில்லை, நீ லாயக்கில்லை என்று. அவனோ இந்த வேலைக்கு வந்த நாளிலேயே மானம், வெட்கம், அச்சம் எல்லாவற்றையும் விட்டுவிட்டேனே என்கிற மாதிரி மன்றாடுகிறான். ஐந்தாம் அங்கத்தில் துரை அவனைக் காலால் உதைக்கிறான். உதைத்துவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விடுகிறார். இவன் எழுந்து தூசு தட்டிக்கொண்டு, எத்தனை கழுகுகள் செத்து ஒரு திவானாகப் பிறக்கின்றனவோ என்பதுபோலத் தன்னைத் தானே எள்ளிக்கொள்கிறான்.

நண்பர்களே, அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. துளிர்த்தது என்று நாகரிகமாகச் சொல்லிக்கொள்ள முடியாது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அழுதேன்.

சாகும் பெண்ணுக்கு வராத கண்ணீர் அடிக்க யோசனை சொன்னவனுக்கு ஏன் வந்தது? ஒரு வாரம் அதை நினைத்துக்கொண்டிருந்தேன். விடை என் வீட்டிலேயே இருந்தது.

என் தாத்தா, என் தந்தையின் தந்தை, தஞ்சைப் பகுதியில் ஒரு பெரிய பண்ணையின் காரியஸ்தர். எந்தப் பண்ணை என்பது இங்கே தேவையில்லை. களத்தில் நெல் அளப்பது, ஆட்களுக்குக் கூலி அளப்பது, கடன் கணக்கு எழுதுவது எல்லாம் அவர்தான். 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதும் அவர் அந்த வேலையில் இருந்தார். எனக்கு நினைவு தெரியும்போது அவர் இல்லை. ஆனால் அவரைப் பற்றிய ஒரு துயரக்கதை எங்கள் வீட்டில் உண்டு. அப்பாயி அதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஓர் அறுவடைக் காலத்தில் களத்துக் கணக்கில் ஏதோ குறைந்தது என்று, பண்ணையின் சின்னவர், தாத்தாவில் பாதி வயதுகூட ஆகாதவர், எல்லார் முன்னிலையிலும் தாத்தாவைக் கன்னத்தில் அறைந்துவிட்டார். தாத்தா தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கையைக் கட்டி நின்றாராம். ‘அன்னிக்கு ராத்திரி அவரு சோத்துல கை வைக்கலடா. மறுநா காலைல விடியிறதுக்கு முந்தி களத்துக்குப் போயிட்டாரு’ என்று சொல்லி அப்பாயி முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைப்பார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் குடும்பத்தின் துக்கம் அந்த ஓர் அறை. நான் எழுதப் படிக்கத் தொடங்கிய பிறகு, ஏழைகளின் பக்கம் நிற்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதற்கு அந்த அறைதான் ஆதாரப் பத்திரம். நாங்களும் அடிபட்டவர்களே என்று.

கோபிநாத் உதைபட்ட பக்கத்தில் நான் கண்டது தாத்தாவை. அழுதது தாத்தாவுக்காக. அதில் தவறில்லை என்றே முதலில் எண்ணினேன். ஆனால் ஒரு பக்கத்தைத் திருப்பினால் மறுபக்கமும் வரத்தானே செய்யும்? உதைபட்ட கோபிநாத், கிடங்கில் குடியானவர்களை அடைத்த கோபிநாத்தும்தான். அவன் வாங்கிய உதை ஒன்று. அவன் கணக்கில் ஏறிய உதைகள் எத்தனை? எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு பிரம்பு தொங்கிக்கொண்டிருந்தது என்று என் அப்பா ஒருமுறை பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். ‘ஆனா தாத்தா யாரையும் கை நீட்டி அடிச்சது கெடையாது. அடிக்கச் சொல்றதோட சரி’ என்றார். அப்பா இதை ஒரு நற்சான்றாகவே சொன்னார். நானும் நற்சான்றாகவே கேட்டுக்கொண்டேன். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு வங்காள நாடகத்தின் ஆங்கிலப் பெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்த வாக்கியம் என் காதில் சரியாக விழுந்தது.

ஏதென்ஸ், கல்கத்தா என்று நான் போட்டு வைத்திருந்த இருவகைக் கணக்கு அத்தோடு தொலைந்தது. இழந்தவர்களும் இல்லை, பறித்தவர்களும் இல்லை, நடுவில் சங்கிலியை இறுக்கிப் பிடித்து அளந்தவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. அந்தக் கூட்டத்தின் பேரப்பிள்ளைகளே இன்று பெரும்பாலும் நாடகம் படிக்கிறோம், நாடகம் பார்க்கிறோம், அழுகிறோம்.

தீனபந்துவும் இதில் தப்பவில்லை. வரலாற்றறிஞர் ரணஜித் குகா 1974இல் இந்த நாடகத்தைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில் அவரைக் கடுமையாகவே விசாரிக்கிறார். கிளர்ந்தெழுந்தவர்கள் ஏழைக் குடியானவர்களாக இருக்க, நாடகத்தின் நடுவில் அமர்ந்திருப்பது வசதியுள்ள பாசு குடும்பம். ஆசிரியரின் நம்பிக்கையெல்லாம் நல்ல வெள்ளைக்கார அதிகாரிகளின் மேலும் சட்டத்தின் மேலும். போராட்டம் மிதவாதியின் கண்ணாடியில் சிறுத்துத் தெரிகிறது என்பது அவர் வாதம். பெரும்பாலும் உடன்படுகிறேன். கிடங்குக் காட்சியில் தோராப்போடு அடைபட்டிருக்கும் குடியானவர்களுக்குப் பெயர்கூடக் கிடையாது: முதல் குடியானவன், இரண்டாம் குடியானவன் என்றே போகிறது. ஆனாலும் குகா சொல்லாமல் விட்டதாக எனக்குப் படுவது ஒன்று. தானும் அரசாங்கச் சம்பளக்காரராக இருந்த தீனபந்து, கோபிநாத்தை எழுதும்போது அவனுக்கு அறிவையும் நகைச்சுவையையும் கொடுத்திருக்கிறார். தான் யார் என்பது தெரிந்த மனிதனாகப் படைத்திருக்கிறார். துரைகள் இருவரும் வெறும் வில்லன்கள். கோபிநாத் மனிதன். பங்கிம் சந்திரர் இந்த நாடகத்தை அமெரிக்க அடிமை வாழ்வைச் சொன்ன ‘அங்கிள் டாம்ஸ் கேபி’னோடு ஒப்பிட்டுப் பெருமை பேசினார். அந்த ஒப்பீட்டில் எனக்கு அவ்வளவு நாட்டமில்லை. எனக்கு இது கோபிநாத்தின் கண்ணாடி.

இதைப் படித்த ஆண்டில் ஆடி அமாவாசைக்கு வழக்கம்போல் ஆற்றங்கரைக்குப் போனேன். அப்பா, தாத்தா, பூட்டன் என்று மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்லி எள்ளும் நீரும் விட்டேன். தாத்தாவின் பெயர் வரும்போது கை சற்றே நின்றது. அன்று மாலையே பக்கத்து ஊரில் இருக்கும் அத்தையைப் பார்க்கப் போனேன். தாத்தாவின் கடைசி மகள், தொண்ணூறை நெருங்குகிறார், நினைவு மங்கவில்லை. ‘அத்தை, தாத்தாகிட்ட களத்துல வேலை பார்த்தவங்க பேரு ஏதாச்சும் ஞாபகம் இருக்கா?’ என்று கேட்டேன். அத்தை நெடுநேரம் யோசித்தார். ‘பேரு எதுக்குப்பா... ஆளுங்கதான்’ என்றார். பிறகு எனக்கு ஏதாவது கொடுத்தனுப்பவேண்டும் என்று தோன்றியதோ என்னவோ, பண்ணையில் இருந்த வண்டிமாடுகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். நான்கு பெயர்களும் தடங்கல் இல்லாமல் வந்தன. எந்த மாட்டுக்குக் கொம்பில் குப்பி போட்டிருந்தது என்பதும் அவருக்கு நினைவிருந்தது.

நான் அத்தையைக் குறை சொல்லவில்லை. எனக்கும் அதற்கு மேல் தெரியாது.

அந்த ஊருக்கு நான் சென்ற ஆண்டு போயிருந்தேன். களம் இருந்த இடத்தில் இப்போது வீடுகள். தெருவில் இருந்த முதியவர் ஒருவரிடம் தாத்தாவின் பெயரைச் சொல்லி, இன்னார் பேரன் என்றேன். அவர் என்னை உட்காரச் சொன்னார், தேநீர் வாங்கிவரச் சொன்னார், மழை பற்றியும் வாய்க்கால் தூர்வாராதது பற்றியும் பேசினார். தாத்தாவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை என்பதே சரி.

மூத்த உறுப்பினர் கேட்ட கேள்விக்கு இதுவே என் விடை. நாடகத்தைப் படித்துவிட்டு அழுதேன். ஆனால் யாருக்காக அழுதிருக்கவேண்டுமோ அவருக்காக அழவில்லை. க்ஷேத்ரமணியின் சாவை மறுபடி படித்துப் பார்த்தேன். இரண்டாம் முறையும் கண் நனையவில்லை. ஆனால் இம்முறை எண்ணவும் இல்லை.

வரும் மாதங்களில் ஒரு கூட்டத்தில் இந்த நாடகத்தின் சில காட்சிகளைத் தமிழில் எழுதி நாமே பங்கு பிரித்து வாசிக்கலாம் என்று செயலாளர் யோசனை சொல்லியிருக்கிறார். நல்ல யோசனை. தோராப்பின் பேச்சுக்கு ஏட்டுத் தமிழ் உதவாது. ஊர்ப்பேச்சு கைவந்த இளைஞர் யாராவது அதை ஏற்க வேண்டும். ஆதுரிக்கு நம் வட்டத்துப் பெண் உறுப்பினர்களிடையே போட்டி இருக்கும் என்று நினைக்கிறேன். முதல் அங்கத்துத் தாழ்வாரக் காட்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் கோபிநாத்தை நான் வாசிக்கிறேன்.